ஹெட்டை இறக்கினால் டைமிங் போகுமா?

(மோட்டார் தொழிற்பயிற்சி மாணவர்களும் பழைய வண்டி வைத்திருப்போரும் கூடிய அரங்கில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஹெட் கேஸ்கெட் போன வண்டி பட்டறைக்கு வந்து நின்றால், உரிமையாளரின் முதல் கேள்வி செலவைப் பற்றியதாக இருக்கும். இரண்டாவது கேள்வி பெரும்பாலும் இது: "ஹெட்டை இறக்குனா டைமிங் போயிடுமாண்ணே?" மெக்கானிக் "ஆமாம்" என்றாலும் சரி, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றாலும் சரி, பாதி நேரம் அந்தப் பதில் தப்பு. எந்த வண்டி, எந்த டைமிங் என்று திருப்பிக் கேட்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. இன்றைய பேச்சு முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்தருள வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு வண்டிகள் போதும். ஒன்று, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் தயாரான அம்பாசடர். மற்றொன்று, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. இரண்டுமே 2014-இல் உற்பத்தியை முடித்துக்கொண்டன. மாருதி ஜனவரியில் நின்றது, அம்பாசடர் மே மாதத்தில். நின்றுபோன வண்டிகளைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று மாணவர்கள் நினைக்கலாம். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வண்டிகள் இவை. பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே ஒளிந்திருக்கும் இன்றைய இன்ஜினைப் புரிந்துகொள்ள இவற்றைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. அதோடு, இவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சென்னைப் புதுப்பேட்டையில் இவற்றுக்கான சாமான் தேடி அலைபவர்கள் இன்றும் உண்டு.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சிலிண்டர் எண்ணிக்கையில் இல்லை. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. அம்பாசடரில் அது பிளாக்கின் வயிற்றுக்குள். மாருதியில் ஹெட்டின் மேல். கேம் கீழ்வீட்டில் குடியிருந்தால் ஒரு சட்டம், மாடியில் குடியிருந்தால் வேறு சட்டம்.

ஹெட் என்பது ஒரு மூடி. தொடக்க காலத்துப் பல இன்ஜின்களில் அந்த மூடிகூடத் தனியாகக் கிடையாது. சிலிண்டரும் தலையும் ஒரே வார்ப்பு. 1908-இல் வந்த ஃபோர்டின் மாடல் டி காரில் நான்கு சிலிண்டர்களும் ஒரே பிளாக்காக, அதன் மேல் கழற்றி மாட்டக்கூடிய ஹெட்டோடு வந்தன. போல்ட்டுகளைக் கழற்றினால் பிஸ்டன் தலை தெரியும், கரியைச் சுரண்டலாம், வால்வை அரைக்கலாம். தெருமுனை மெக்கானிக் என்ற தொழிலுக்கே அந்த மூடி வழி திறந்துவிட்டது என்றால் மிகையில்லை. அந்தக் காரில் வால்வுகள்கூடப் பிளாக்கின் பக்கவாட்டில்தான் இருந்தன. ஆகவே ஹெட் வெறும் மூடி. அதை எடுத்தால் எந்த டைமிங்கும் அசையாது.

அம்பாசடரும் முதலில் பக்கவாட்டு வால்வு இன்ஜினோடுதான் வந்தது. பின்னர் வந்த 1489 சி.சி. இன்ஜின்தான் பல பத்தாண்டுகள் நாட்டைச் சுமந்தது. இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது அது. அதன் ஹெட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே உள்ள குழி இதய வடிவில் இருக்கும். காற்றோட்டத்தில் வல்லவரான ஹாரி வெஸ்லேக்கின் கைவண்ணம். இரண்டு வால்வுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூக்கு, உள்ளே வரும் கலவையை வேண்டிய பக்கம் திருப்பி விடுகிறது.

இனி டைமிங். பட்டறையில் இந்த ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வழங்குகிறது. குழப்பமெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

முதலாவது வால்வு டைமிங். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கேம் சக்கரத்தில் கிராங்க் சக்கரத்தைப் போல இருமடங்கு பற்கள் இருப்பது அதற்காகத்தான். பிஸ்டன் எங்கே இருக்கும்போது எந்த வால்வு திறக்கும் என்பதை இந்த இரண்டு சக்கரங்களின் உறவு முடிவு செய்கிறது. அம்பாசடரில் அந்த உறவைக் காப்பது செயின், மாருதியில் பல் வைத்த ரப்பர் பெல்ட்.

இரண்டாவது இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்பது. பெட்ரோல் கலவை வெடிப்பதாகச் சொல்வது பேச்சுவழக்கு. உண்மையில் அது எரிகிறது. எரிய நேரம் பிடிக்கிறது. 3000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஒரு விநாடியில் 18,000-இல் ஒரு பங்கு போதும். கலவை எரிந்து முடிய ஏறத்தாழ இரண்டு மில்லி விநாடி ஆகிறது என்று வைத்தால், அதற்குள் கிராங்க் 36 டிகிரி போய்விடும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விழ வேண்டியிருக்கிறது. முன்னே போனால் அட்வான்ஸ், பின்னே போனால் ரிட்டார்ட். மாடல் டி ஓட்டியவர் இதை ஸ்டீயரிங் அருகே இருந்த ஒரு நெம்புகோலால் கையாலேயே மாற்றிக்கொண்டே போக வேண்டும். அட்வான்ஸில் வைத்துவிட்டுக் கைப்பிடியால் ஸ்டார்ட் செய்தால் அது திருப்பி அடிக்கும். அந்த அடியில் கை எலும்பு முறிந்தவர்கள் பலர்.

இப்போது கேள்விக்கு வரலாம். அம்பாசடரில் ஹெட்டை இறக்கினால் டைமிங் போகுமா? போகாது. இரண்டுமே போகாது. செயினும் இரண்டு சக்கரங்களும் முன்பக்கக் கவருக்குள் பத்திரமாக இருக்கின்றன. கேம் பிளாக்கில் கிடக்கிறது. பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் பிளாக்கின் பக்கத்தில்தான் குத்தி நிற்கிறது, கேமிலிருந்தே சுழல்கிறது. ஹெட்டோடு மேலே வருபவை வால்வுகளும் ராக்கர்களும் மட்டும். பம்பாயில் தயாரான பியட்டுக்கும், சென்னையை அடுத்து வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் இதே சட்டம்தான். மூன்றுமே, கீழேயுள்ள கேமின் அசைவைத் தண்டு வழியாக மேலேயுள்ள ராக்கருக்குக் கொண்டுபோகும் புஷ் ராடு வண்டிகள். அப்படியிருக்க, ஹெட் வேலை முடிந்ததும் "டைமிங் வெச்சுக் கொடுத்தேன்" என்று பில்லில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தால், எதை வைத்தார் என்று கேட்பதில் தவறில்லை.

ஆனால் அம்பாசடர் இன்ஜினில் வேறொரு கண்ணி இருக்கிறது. ஹெட்டைப் பிடித்திருக்கும் 11 நட்டுகளில் நான்கு, ராக்கர் தாங்கிகளையும் சேர்த்தே பிடிக்கின்றன. ராக்கரை மட்டும் கழற்றிப் பார்க்கலாம் என்று ஒருவர் அந்த நான்கை மட்டும் தளர்த்தினால், ஹெட் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்து கோணிக்கொள்ளும். கேஸ்கெட்டின் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஆகவே ராக்கருக்காகக் கை வைத்தாலும் முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பிறகு எல்லா நட்டையும் சிறிது சிறிதாக, சமமாகத் தளர்த்த வேண்டும். பூட்டும் வேலை கழற்றும்போதே தொடங்கிவிடுகிறது என்பார்கள் பழைய கைகள். அது இந்த இன்ஜினுக்கு அப்படியே பொருந்தும்.

ராக்கர் வந்ததும் எட்டு புஷ் ராடுகள். ஒவ்வொன்றும் தன் டேப்பெட்டோடும் ராக்கரோடும் சேர்ந்து தேய்ந்து பழகியது. இடம் மாற்றிப் போட்டால் தேய்மானம் புதிதாகத் தொடங்கும். நல்ல பட்டறைகளில் இதற்கு ஒரு கருவி உண்டு: பழைய காலண்டர் அட்டை. அதில் வரிசையாக எட்டு துளை போட்டு, ஒரு முனையில் 'முன்' என்று எழுதி, ராடுகளை ஒவ்வொன்றாகக் குத்தி வைத்துவிடுவார்கள். உருவும்போது ராடைச் சற்று முறுக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயின் பிடிப்பில் அடியிலுள்ள டேப்பெட்டும் கூடவே எழும்பி, விழுந்து, அரை நாளைத் தின்றுவிடும்.

இறங்கிய ஹெட்டில் பார்க்க வேண்டியவை பல. வால்வு சீட்டு மட்டும் தனிக் கதை. பழைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து காப்பாற்றியது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் அதுதான். ஊருக்கும் குழந்தைகளின் உடம்புக்கும் பெரிய நன்மை. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே நேரடியாகச் சீட்டு வெட்டியிருந்த பழைய வண்டிகளுக்குத்தான் சோதனை. எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதையும், டேப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். இப்படிப்பட்ட ஹெட் கையில் கிடைக்கும்போதே லேத்துப் பட்டறைக்கு அனுப்பிக் கடினமான சீட்டு வளையம் போட்டுவிடுவது நல்லது. மறுபடி ஒருமுறை இறக்கும் கூலியைவிட அது குறைவு.

அடுத்து மட்டம். நேரான எஃகுப் பட்டையை ஹெட்டின் முகத்தில் நீளவாக்கில், குறுக்காக, மூலைக்கு மூலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பது. பொதுவாக 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தாலே ஃபேஸிங் போட வேண்டும் என்பது பல நிறுவனக் கையேடுகளின் கணக்கு. தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி அது. இவ்வளவு கறார் எதற்கு?

ஒரு சின்னக் கணக்கு. அம்பாசடரின் சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர். பரப்பு சுமார் 42 சதுர சென்டிமீட்டர். எரியும் நேரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலும், ஹெட்டை மேலே தள்ளும் விசை 1,470 கிலோ. முழு அம்பாசடரே அவ்வளவு எடை இல்லை. 2000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு ஆயிரம் முறை இந்த உதையைக் கொடுக்கிறது. அதைத் தாங்க வேண்டியது ஒரு மெல்லிய கேஸ்கெட். அதுவும் நெருப்பையும் தண்ணீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று சேர விடாமல்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவதில் ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கேஸ்கெட்டுகள் செப்புத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்துச் செய்தவை. அதைக் காய்ந்தபடியே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஏர் அடித்து ஊதித் தள்ளுவது பல பட்டறைகளில் வழக்கம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும். வேலை கற்றுக்கொள்ளும் பையன்தான் எப்போதும் இந்த வேலைக்கு உட்கார வைக்கப்படுகிறான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிய கேஸ்கெட்டில் எந்தப் பக்கம் முன், எது மேல் என்று அச்சிட்டிருக்கும். திருப்பிப் போட்டால் தண்ணீர்த் துளை அடைபட்டுப்போகலாம். முகங்கள் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். கிரீஸ், பசை, பெயிண்ட் என்று ஆளுக்கொரு கைவைத்தியம் உண்டு. கேஸ்கெட் செய்தவர் பூசச் சொல்லியிருந்தால் ஒழிய எதுவும் வேண்டாம்.

இப்போது இறுக்குதல். பட்டறையில் இந்தக் கட்டம்தான் பார்க்க வேண்டியது. பதினொரு நட்டும் கையால் உட்கார்ந்துவிட்டன. பையன் டார்க் ரென்ச்சைப் பிடித்திருக்கிறான். நடுவில் தொடங்கி, எதிரெதிராக, வெளிப்பக்கம் நோக்கிச் சுழல் கோலம் போடுவது போலப் போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் மேடு நின்றுவிடும். பாயை நடுவிலிருந்து நீவினால்தான் சுருக்கம் வெளியே போகும். முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்ததில் மூன்றில் இரண்டு, மூன்றாவதில் முழு அளவு. இந்த இன்ஜினுக்கு அது 40 பவுண்டு-அடி, அதாவது சுமார் 5.5 கிலோகிராம்-மீட்டர். கடைசி நட்டில் 'டிக்' என்று கேட்கிறது.

"இன்னும் கொஞ்சம் இழுக்கட்டாண்ணே? லூசா இருக்கிற மாதிரி இருக்கு."

"வேணாம்டா தம்பி. சத்தம் வந்துச்சுல்ல, கையை எடு."

அந்தப் பையனின் சந்தேகம் இயல்பானது. நம் ஊரில் இறுக்கம் என்றால் பலம், பலம் என்றால் ரென்ச்சின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்குவது. ஆனால் நட்டைத் திருப்பக் கொடுக்கும் பலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் ஹெட்டை அழுத்தும் விசையாகிறது. மீதி ஒன்பது பங்கு நட்டின் அடி உராய்விலும் மரை உராய்விலும் போய்விடுகிறது. மரையில் துரு இருந்தால் அந்தப் பத்தாவது பங்கும் குறையும். ரென்ச் 'டிக்' சொல்லும், ஹெட்டோ இறுகியிருக்காது. ஸ்டட்டையும் நட்டையும் பெட்ரோலில் கழுவி, கையேடு சொன்னால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டுவது எத்தனை குழாய் செருகுவதையும்விட மேல்.

பிறகு டேப்பெட் இடைவெளி. அம்பாசடரில் வால்வு எட்டு. எந்த வால்வை எப்போது செட் செய்வது என்பதற்கு ஓர் அழகான சூத்திரம் உண்டு. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டாவது வால்வு முழுக்க அமுங்கித் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் செட் செய்யலாம். மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை, ஐந்தாவது திறந்திருந்தால் நான்காவதை. ஃபீலர் தகட்டை இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். நழுவவும் கூடாது, சிக்கவும் கூடாது. ராக்கரின் முனை தேய்ந்து குழி விழுந்திருந்தால் தகடு அந்தக் குழியின் மேல் பாலம் போலக் கிடக்கும். அளவு சரி என்று சொல்லும், ஓட்டினால் 'டக் டக்' சத்தம் நிற்காது. அப்போது இடைவெளியைக் குறைத்துச் சத்தத்தை அடக்குவது பெரிய தவறு. சத்தம் போடும் வால்வு பிழைத்துக்கொள்ளும். மூட முடியாமல் நிற்கும் வால்வு எரிந்துபோகும்.

ஆக, அம்பாசடரில் டைமிங்குக்கு வேலையே இல்லையா? ஹெட்டுக்காக இல்லை. ஆனால் பலர் இடத்துக்காக டிஸ்ட்ரிபியூட்டரையும் உருவி வைத்துவிடுகிறார்கள். அதன் அடிக்கட்டை நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கி இருப்பதால் ஒரே விதமாகத்தான் உட்காரும். உடலை எவ்வளவு திருப்பி இறுக்குவது என்பதுதான் போய்விடுகிறது. அப்போது முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். 'கம்ப்ரஷன்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வருகிறது, ஒருமுறை கலவையை நசுக்க, ஒருமுறை புகையைத் தள்ள. கிராங்க் புல்லியின் குறிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கட்டைவிரலுக்குத் தெரியும். முதல் பிளக்கைக் கழற்றித் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, இன்னொருவர் முன்பக்கக் கைப்பிடியை மெல்லச் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தூக்கித் தள்ளினால் அதுதான் கம்ப்ரஷன். அங்கிருந்து புல்லியின் வெட்டு, டைமிங் கவரில் உள்ள முட்களில் கையேடு சொல்லும் முள்ளுக்கு நேராக வரும்வரை போக வேண்டும். அந்த முட்கள் எண்ணெய் அழுக்கில் புதைந்திருக்கும். துடைத்துச் சாக்பீஸ் தேய்த்து வைப்பது நல்ல பழக்கம்.

மீதி வேலைக்கு ஒரு 12 வோல்ட் பல்பு போதும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டுக்குப் போகும் வயர் முனையில் ஒரு நுனி, பாடியில் ஒரு நுனி. சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். பொறி விழும் கணமும் அதுதான். அங்கே இறுக்கிவிடலாம். ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிட்டார்ட். பிளக் வயர்களின் வரிசை 1-3-4-2. இதில் மாற்றிச் செருகிவிட்டு, கார்புரேட்டர் வழியே தும்மும் இன்ஜினைப் பார்த்துச் செயினைச் சந்தேகப்பட்டுக் கவரைக் கழற்றியவர்களும் உண்டு.

ஓடும் இன்ஜினில் பார்க்க டைமிங் லைட் இருக்கிறது. முதல் பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு முறையும் அது மின்னுவதால், சுழலும் புல்லி அசையாமல் நிற்பது போலத் தெரியும். 1930-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹரால்டு எட்ஜர்டன் வளர்த்தெடுத்த மின்னணு ஸ்ட்ரோபின் வழிவந்தது அது. துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைக்கும் புகைப்படத்தை எடுத்தவரும் அவரே.

இனி மாருதி.

796 சி.சி., மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட், அதன் மேல் கேம். இங்கே கேள்விக்குப் பதில் தலைகீழ். ஹெட்டைத் தூக்க வேண்டுமானால் முதலில் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றிய நொடியே கிராங்குக்கும் கேமுக்கும் உள்ள உறவு அறுந்துவிடுகிறது. அதோடு முடியவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கில் இல்லை. ஹெட்டின் பின்கோடியில், கேமின் வாலிலிருந்து சுழல்கிறது. பெல்ட் ஒரு பல் தவறினால் வால்வு டைமிங்கும் இக்னிஷன் டைமிங்கும் கைகோத்துக்கொண்டு தவறும். கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்று கொண்டால், ஒரு பல்லின் தவறு 18 டிகிரி. இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடவும் செய்யும். பிக்கப் இருக்காது, பெட்ரோல் குடிக்கும், சூடேறும். மெக்கானிக் டைமிங் லைட்டை வைத்துப் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியை மட்டும் சரிசெய்வார். லைட் 'சரி' என்று சொல்லும், வால்வு அப்படியே தவறாகக் கிடக்கும். அதன்பின் கார்புரேட்டரைக் கழற்றுவது, பிளக் மாற்றுவது என்று பணம் கரையும். அம்பாசடரில் கை தேர்ந்தவர்கள் மாருதியில் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். திறமைக் குறைவு அல்ல. பழைய வீட்டின் வரைபடத்தை வைத்துக்கொண்டு புது வீட்டில் விளக்கு தேடுவது.

பெல்ட் என்பது அவ்வளவு புதிய சமாசாரமும் இல்லை. 1960-களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்ற சிறிய கார் அதைப் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டது. செயினைவிட அமைதி, எடை குறைவு, எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்டால்தான் கெடும்.

மாட்டும் முறை எளிதுதான், அவசரம் இல்லாதவருக்கு. கேம் சக்கரத்தின் குறி அதற்குரிய குறிக்கு நேராக, கிராங்க் சக்கரத்தின் குறி அதன் குறிக்கு நேராக. இழுபடும் பக்கம் பெல்ட் தொய்வில்லாமல் இருக்க வேண்டும். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். டென்ஷனரைத் தளர்த்தி ஸ்பிரிங்கின் பிடிக்கு விட்டு, கிராங்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒன்று சுற்றி, இரண்டு குறிகளும் மறுபடி சந்திக்கும். சந்தித்தால் டென்ஷனரை இறுக்கலாம். சந்திக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சுற்றும்போது எங்கேனும் முட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஸ்பேனரில் முட்டினால் கைக்குத் தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தெரியாது. இந்த இரண்டு சுற்றுக்கு இரண்டு நிமிடம் ஆகாது. சாவியைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

அலுமினிய ஹெட்டுக்குத் தனியாகச் சில பத்தியங்கள். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இருமடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் முக்கால் மில்லிமீட்டர் நீளும்; அதே நீள இரும்பு அதில் பாதிதான் நீளும். அலுமினிய ஹெட்டும் இரும்பு பிளாக்கும் சேர்ந்த இன்ஜின்களில் நடுவே இருக்கும் கேஸ்கெட் தினமும் இந்த இழுபறியைத் தாங்குகிறது. சூடாக இருக்கும்போதே போல்ட்டைத் தளர்த்தினால் ஹெட் வளைந்துவிடும். ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். ரேடியேட்டர் வற்றிக் கொதித்த வண்டியை "பக்கத்துலதானே வீடு" என்று ஓட்டிக்கொண்டு வருவது இந்த ஹெட்டுகளுக்கு எமன்.

இன்னொன்று போல்ட் துளை. மூடிய அடியுள்ள துளையில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால், இறங்கும் போல்ட் அதைப் பிஸ்டன் போல அழுத்தும். திரவம் சுருங்காது, பிளாக் விரிசல் விடும். ஒரு துணியும் கொஞ்சம் காற்றும் போதும், ஒவ்வொரு துளையையும் உலர்த்த. பின்னாளில் வந்த பல வண்டிகளில் போல்ட்டையே இழுத்து நீட்டும் அளவுக்கு டிகிரிக் கணக்கில் இறுக்குவார்கள். அந்தப் போல்ட் ஒரு முறைக்குத்தான். பார்க்கப் புதிதாக இருக்கிறது என்று மறுபடி போடக் கூடாது.

ஆகவே, ஹெட்டை இறக்கினால் டைமிங் போகுமா என்று அடுத்த முறை யாராவது கேட்டால், கேம் மாடியில் இருக்கிறதா வயிற்றில் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.

கடைசியாக, அரங்கில் இருக்கும் அம்பாசடர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுக் கேஸ்கெட் சூட்டில் அமுங்கி உட்கார்ந்ததும் நட்டுகளின் இறுக்கம் குறையும். அதோடு டேப்பெட் இடைவெளியும் மாறும். ஹெட் வேலை முடிந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடியதும் இரண்டையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. வண்டி நன்றாக ஓடுகிறதே என்று யாரும் இதற்காகத் திரும்பி வருவதில்லை. தயவுசெய்து வாருங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பு மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, இன்ஜின் ஆறியிருக்கும்.